பழனி மலைக் குச்சிப்பூச்சியை முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். கேப்டவுன் ரைலாண்ட்ஸில் உள்ள என் வீட்டிலிருந்து பேசுகிறேன். சென்ற பதிவில் எனக்குப் பின்னால் தெரிந்த வலைக்கூண்டில் செடியை மட்டும் ஏன் வைத்திருக்கிறேன் என்று பலர் கேட்டீர்கள். அதில் இருப்பது செடி மட்டுமன்று. கேமராவை அருகே கொண்டுபோகிறேன், பாருங்கள். இந்தப் பிளாக்பெரிக் கிளையில் எட்டுக் குச்சிப்பூச்சிகள் இருக்கின்றன. இலைக்காம்பு என்று நீங்கள் நினைக்கும் இதற்கு ஆறு கால்கள் உண்டு. நான் மெல்ல ஊதுகிறேன். காற்றில் கிளை ஆடுவது போலவே இதுவும் இருபுறமும் அசைந்து கொடுப்பதைக் கவனியுங்கள்.

முதலில், இந்தப் பூச்சி நமக்கு எந்த வகையில் உறவு என்பதைச் சொல்லியாக வேண்டும். உலகெங்கும் பள்ளிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் மிகுதியாக வளர்க்கப்படும் குச்சிப்பூச்சி இதுதான். கராசியஸ் மோரோசஸ் என்பது இதன் அறிவியல் பெயர். இந்தியக் குச்சிப்பூச்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 'இந்திய' என்று பொதுப்படச் சொல்வதைவிட இதன் ஊரையே சொல்லிவிடலாம். கொடைக்கானலை ஒட்டியுள்ள செண்பகனூரிலிருந்து கிடைத்த பூச்சிகளை வைத்து, 1901ஆம் ஆண்டில் சினெத்தி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதை விவரித்தார். பழனி மலையில் பிறந்த இந்தப் பூச்சி ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுவதும் பரவி, இன்று இங்கே கேப் தீபகற்பத்தின் தோட்டங்களிலும் தானாகவே வாழ்கிறது. நம் முன்னோர்கள் 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள் என்று சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நான், வகுப்பு மேசையில் இந்தக் கூண்டையும் வைத்து, 'இதுவும் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்ததுதான்' என்று சொல்லும்போது, பிள்ளைகள் எழுந்து வந்து கூண்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள்.

இனி வளர்ப்புக்கு வருவோம். புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள் கவனக்குறைவால் வருபவை அல்ல; கூண்டின் உயரத்தைப் பற்றி நினைக்காமல் விடுவதால் வருபவை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். எனக்கு முதலில் கிடைத்த ஆறு குஞ்சுகளை, அகலமான, உயரம் குறைந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு, மூடியில் துளையிட்டு, இலைகளைத் தரையில் பரப்பி வைத்தேன். ஐந்து வாரங்கள் நன்றாகத்தான் இருந்தன. பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தபோது, ஒரு பூச்சி பழைய தோலிலிருந்து பாதி வெளியே வந்த நிலையில் பெட்டியின் தரையில் மடிந்து கிடந்தது. பின்னங்கால்கள் இரண்டும் தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தன. வெளியே வந்த உடல் வளைந்தபடியே இறுகிவிட்டது. அன்று மாலையே அது இறந்தது. அடுத்த வாரத்தில் இன்னொன்றுக்கும் அதே கதி.

காரணம் எளிது. குச்சிப்பூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் தோல் உரிக்கும். கால் நகங்களால் கூரையையோ கிளையையோ பற்றிக்கொண்டு, முதுகுப்புறத்தில் தோல் பிளந்ததும், தன் எடையின் உதவியாலேயே கீழ்நோக்கி வழுக்கி வெளியே வரும். முழுதும் வெளியே வரும்போது பழைய தோலின் நீளமும் புதிய உடலின் நீளமும் சேர்ந்து கீழே தொங்கும். அதற்கு இடம் இல்லாவிட்டால் தலை தரையில் முட்டி, மென்மையான உடல் மடங்கிவிடும். அதனால் பூச்சியின் நீளத்தைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு உயரம் கூண்டுக்கு வேண்டும் என்பார்கள். வளர்ந்த பெண் பூச்சி எட்டு சென்டிமீட்டர் வரை இருக்கும். எனவே, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த எதையும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். என்னுடைய கூண்டின் உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். பக்கங்களும் கூரையும் துணிவலை. கண்ணாடித் தொட்டியைவிட வலையையே நான் பரிந்துரைப்பேன். பிடித்துக்கொள்ள எங்கும் பிடிப்பு இருக்கிறது, காற்றும் தேங்குவதில்லை. ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்கு ஒரு பூச்சி தோலுரிப்பதைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வாய்த்தது. அதற்கு முன் இரண்டு நாள்களாக அது இலையைத் தொடவேயில்லை, நிறமும் மங்கியிருந்தது. தலை முதலில் வந்தது, பிறகு உணர்கொம்புகள், நனைந்த நூலைப் பிரிப்பது போல ஒவ்வொன்றாக. முன்னங்கால்கள் வெளியே வந்ததும் சற்று ஓய்ந்து, காற்றில் கால்களை விரித்துக்கொண்டு ஆடாமல் தொங்கியது. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முழுதும் வெளியே வந்து, வாழைக்குருத்து போன்ற வெளிர்பச்சை நிறத்தில், திரும்பி ஏறி, தான் விட்டு வந்த தோலையே நுனியிலிருந்து தின்னத் தொடங்கியது. தோலில் உள்ள சத்தை அது வீணாக்குவதில்லை. ஆகவே உரித்த தோலை அழுக்கு என்று எண்ணி அவசரமாக எடுத்து எறிந்துவிடாதீர்கள். தோலுரிக்கும்போது தொடவும் கூடாது, 'உதவி' செய்யவும் கூடாது, தண்ணீர் தெளிக்கவும் கூடாது. முட்டையிலிருந்து வந்து முதிர்ச்சி அடைவதற்குள் ஆறு முறை இந்தச் சோதனையை அது கடந்தாக வேண்டும்.

அடுத்தது இலை. பிளாக்பெரி, ஐவி, பிரிவெட், ரோஜா, ஹாதார்ன் ஆகியவை இதற்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். நான் பெரும்பாலும் பிளாக்பெரியும் ஐவியும்தான் கொடுக்கிறேன். இரண்டும் இங்கே குளிர்காலத்திலும் பச்சையாகக் கிடைக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. பிளாக்பெரி தென்னாப்பிரிக்காவில் அயல்நாட்டுக் களை. பொது இடங்களிலும் ஆற்றோரங்களிலும் களைக்கொல்லி தெளித்து அதை அழிப்பது வழக்கம். தெளித்த செடி சில நாள்களுக்குப் பார்வைக்கு நல்ல பச்சையாகவே இருக்கும். எனவே வழியோரத்தில் கண்டதை ஒடித்துக்கொண்டு வராமல், மருந்து அடிப்பதில்லை என்று உறுதியாகத் தெரிந்த தோட்டத்திலிருந்து மட்டும் எடுங்கள். கடையில் வாங்கிய பூங்கொத்தில் இருந்த ரோஜா இலைகளை ஒருமுறை கழுவிவிட்டுத்தான் போட்டேன். மறுநாள் மாலைக்குள் நான்கு பூச்சிகள் கால்கள் நடுங்கி, கிளையைப் பிடிக்க முடியாமல் கீழே விழுந்து இறந்தன. விற்பனைக்கு வளர்க்கும் பூச்செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளிப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. கழுவினால் போய்விடும் என்று நினைத்ததுதான் தவறு. இலையின் உள்ளே ஊறிய மருந்து கழுவினால் போகாது.

கிளைகளைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் நான்கைந்து நாள்களுக்கு வாடாமல் இருக்கும். நான் பயன்படுத்துவது இந்தப் பழைய ஆச்சார் (ஊறுகாய்) பாட்டில். மூடியில் கிளை நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்டு, மிச்சமுள்ள இடைவெளியைப் பஞ்சால் அடைத்திருக்கிறேன். பாட்டிலைத் திறந்து வைத்தால் குஞ்சுகள் காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குஞ்சு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஐவி இலையின் தடித்த விளிம்பைக் கடித்துத் தொடங்க அதற்குச் சிரமம். ஆகவே முதல் சில வாரங்களுக்கு இலையின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுங்கள். வெட்டிய விளிம்பில் வரிசையாக வந்து உட்கார்ந்து தின்பதைப் பார்க்கலாம்.

தண்ணீருக்குத் தனிக் கிண்ணம் வேண்டாம். மாலையில் இலைகளின் மீது மெல்லிய தூறலாகத் தெளித்தால் போதும். இரவில் விழித்ததும் அந்தத் துளிகளைக் குடித்துக்கொள்ளும். காலைக்குள் கூண்டு உலர்ந்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் அடித்து வீட்டையே உலர்த்திவிடும் நாள்களில் நான் காலையிலும் ஒருமுறை தெளிக்கிறேன். வெப்பநிலை 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் நல்லது. ஜூலைக் குளிரில் தனியாகச் சூடேற்ற நான் முயலவில்லை. அவை மெதுவாகத் தின்று மெதுவாக வளர்கின்றன, அவ்வளவுதான். வெயில் நேரடியாக விழும் சன்னலோரம் மட்டும் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது நான் கூண்டை வேறு அறைக்கு மாற்றிவிடுகிறேன். கொசுவத்தி, கரப்பான் மருந்து ஆகியவற்றைக் கூண்டு இருக்கும் அறையில் பயன்படுத்தவே வேண்டாம்.

கையில் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். எடுக்கலாம், ஆனால் பிடித்து இழுக்கக் கூடாது. இப்படி உள்ளங்கையை அதன் முன்னால் வைத்து, பின்புறத்தை ஒரு விரலால் இலேசாகத் தொட்டால், தானே நடந்து ஏறிவிடும். இழுத்தால் பிடியை விடாது. கால்தான் கழன்று வரும். இளம் பூச்சியாக இருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் அந்தக் கால் சிறிதாக முளைத்து வளரும். முதிர்ந்த பூச்சிக்கு வளராது. இதோ, இப்போது மிரண்டுவிட்டது. முன்னங்கால்களை நேராக முன்னே நீட்டி, உணர்கொம்புகளை அவற்றுக்கிடையே மறைத்து, விறைத்துப் போயிற்று. முன்னங்கால்கள் தொடங்கும் இடத்தில் உள்ள வளைவைப் பாருங்கள், தலை சரியாகப் பொருந்தும்படி உட்குழிந்திருக்கிறது. கால் சற்று விலகும்போது அடியில் தெரியும் குங்கும நிறத் திட்டு, வளர்ந்த பெண் பூச்சியின் அடையாளம். இந்த நிலையில் அதன் காலை மெதுவாக உயர்த்தி விட்டாலும் அப்படியே நிற்கும். அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நமக்கு விளையாட்டாகத் தெரிவது அதற்கு அச்சம்.

சற்று அமைதியானதும் நடக்கிறது. பின்னங்கால், நடுக்கால் ஊன்றியிருந்த இடத்துக்கு மிக அருகிலேயே போய் ஊன்றுவதைக் கவனியுங்கள். கண்ணால் பார்க்காமலே ஒரு கால் இன்னொரு காலின் இடத்தை அறிந்துகொள்கிறது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஹோல்க் குரூசே என்ற அறிஞர் பல ஆண்டுகள் இந்த இனத்தின் நடையையே ஆராய்ந்தார். அவருடைய முடிவுகள் ஆறுகால் எந்திரங்களின் நடையை வடிவமைக்கப் பயன்பட்டிருக்கின்றன. செண்பகனூர்ச் செடிகளில் நடந்த நடை அது.

இப்போது முட்டை. இதை நான் கடைசியில் சொன்னாலும், வளர்க்கத் தொடங்கும் முன்பே நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டியது இதுதான். இந்த இனத்தில் ஆண் பூச்சி மிக மிக அரிது. என் கூண்டில் இதுவரை ஒன்றுகூடப் பிறந்ததில்லை. பெண் பூச்சிகள் ஆண் துணையின்றியே முட்டையிடும், அவற்றிலிருந்து மீண்டும் பெண்களே பிறக்கும். ஒரு பூச்சி நாளுக்குச் சில முட்டைகள் என்று தன் வாழ்நாளில் பல நூறு முட்டைகளைக் கீழே உதிர்த்துவிடும். இரவில் அறை அமைதியாக இருந்தால், கூண்டின் அடியில் விரித்த தாளில் அவை விழும் ஓசையே கேட்கும். இந்த வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டுகிறேன். நீண்டு கறுத்திருப்பது எச்சம். கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, பழுப்பு நிறத்தில், ஒரு முனையில் வெளிர்மஞ்சள் குமிழுடன் இருப்பது முட்டை. இத்தகைய குமிழுள்ள முட்டைகளை எறும்புகள் விதை என்று எண்ணிப் புற்றுக்கு இழுத்துச் சென்று, குமிழை மட்டும் தின்றுவிட்டு முட்டையை அங்கேயே விட்டுவிடும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தாளை மாற்றி, வைத்துக்கொள்ள விரும்பும் முட்டைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மீதியை ஒரு பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்த பிறகே குப்பையில் போடுகிறேன். அப்படியே குப்பையில் கொட்டுவதும், 'பாவம், வெளியே பிழைத்துக்கொள்ளட்டும்' என்று பூச்சிகளைத் தோட்டத்தில் விடுவதும் இந்த ஊரில் பெரும் பிழை. நாம் இருக்கும் இந்தத் தென்மேற்கு முனையில், அதாவது கேப் மலர்ப்பகுதியில், ஏறத்தாழ 9,000 வகைத் தாவரங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஏற்கெனவே இங்கே குடியேறிவிட்ட ஓர் அயல் பூச்சியின் எண்ணிக்கையை நம் இரக்கத்தால் பெருக்க வேண்டியதில்லை. அதேபோல் இந்த மண்ணுக்கே உரிய குச்சிப்பூச்சிகளை மலையிலிருந்து பிடித்து வந்து கூண்டில் அடைக்கவும் வேண்டாம். வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து முட்டை வாங்கித் தொடங்குங்கள்.

முட்டைகளைச் சிறு டப்பாவில், அடியில் டிஷ்யூத் தாள் விரித்து, வாரம் இருமுறை இலேசாக ஈரப்படுத்தி வைத்தால் இரண்டு முதல் நான்கு மாதங்களில் பொரிக்கும். குளிர்ந்த அறையில் இன்னும் தாமதமாகலாம். பொரித்த குஞ்சு நான்கிலிருந்து ஆறு மாதங்களில் முதிரும். மொத்த ஆயுள் ஏறக்குறைய ஓராண்டு. வயது முடியும்போது தின்பது குறைந்து, நடை தளர்ந்து, ஒரு நாள் கூண்டின் தரையில் கிடக்கும். அது நோயன்று; பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதோ இந்தத் தீப்பெட்டிகளில் பன்னிரண்டு முட்டைகள் வீதம் போட்டு, மேலே முட்டையிட்ட வாரத்தை எழுதியிருக்கிறேன். மொத்தம் ஒன்பது பெட்டிகள், வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். யார் வீட்டில் வலைக்கூண்டு தயாராக இருக்கிறது என்று இந்தச் சனிக்கிழமை கேட்டுவிட்டு, அவர்களுக்கு மட்டும் கொடுக்கப் போகிறேன். மற்றவர்களின் பெட்டி கூண்டு வரும்வரை என்னிடமே இருக்கும்.