சேதியும் சேதி சொல்கிறவரும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

ஊடகக் கோட்பாடு என்றால் கல்லூரிப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்கள் இதில் பாதியைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில், வானொலியும் பத்திரிகையும் சொல்வது ஊசி மருந்து மாதிரி நேராக மக்கள் மனத்தில் ஏறிவிடும் என்று பலர் பயந்தார்கள். 1940இல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அதிபர் தேர்தலின்போது, சமூகவியல் ஆய்வாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்துக்குப் போனார்கள். சுமார் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் சந்தித்தார்கள். பிரச்சாரத்தைக் கேட்டுக் கட்சி மாறியவர்கள் மிகச் சிலரே. தேர்தலைப் பற்றி எங்கே கேட்டீர்கள் என்றால், வானொலியைவிட, அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டதைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். சேதி முதலில் விவரம் அறிந்த சிலரிடம் போகிறது. அவர்கள் வாய்வழியாக மற்றவர்களுக்கு வருகிறது. இருபடிப் பாய்வு என்கிறார்கள்.

நம் ரப்பர் தோட்டங்களில் இது எப்படி நடந்தது? ‘தமிழ் நேசன்’ 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை. தோட்டத்துக்குப் பத்திரிகை வந்தால் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், பால்வெட்டு முடிந்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எந்த வரியில் குரலை உயர்த்துகிறார், எதைத் தாண்டிப் போகிறார், நடுவில் நிறுத்தி என்ன சொல்கிறார் என்பதில்தான் பாதிச் சேதி இருந்தது.

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் பறிபோன காலத்தில், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று, இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தவர், அறிக்கை விட்டதோடு நிற்கவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்குவதா என்ற கேள்வி, அவர் கார் கிளம்பிய பிறகு லயத்து வாசலில்தான் முடிவாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, இன்னொரு கோட்பாடு. 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில், இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களை மெக்கோம்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் பேட்டி கண்டார்கள். செய்திகள் எதைப் பெரிதாக்கினவோ, மக்களும் பெரும்பாலும் அதையே முக்கியம் என்றார்கள். என்ன முடிவெடுப்பது என்பதைவிட, எதைப் பற்றி யோசிப்பது என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது. தோட்டத்து வீட்டுப் பிரச்சினை தேர்தல் நேரத்தில் முதல் பக்கத்துக்கு வருகிறது. தேர்தல் முடிந்தால் காணோம். தீர்ந்தா போய்விட்டது?

எனக்கு அதிகக் கவலை தருவது, ஜெர்மனியின் ஆய்வாளர் எலிசபெத் நோயல் நொய்மன் 1974இல் எழுதிய ‘மௌனச் சுழல்’ என்ற கோட்பாடு. தான் சிறுபான்மை என்று நினைப்பவர், ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர், “டெங்கிக் காய்ச்சலா? மருத்துவமனை வேண்டாம், கஷாயம் போதும்” என்று அனுப்புகிறார். வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழுகின்றன. அதே குழுவில் மருத்துவமனைத் தாதி ஒருவர் இருக்கிறார். தப்பு என்று அவருக்குத் தெரியும். பெரியவரை எப்படி மறுப்பது என்று போனை வைத்துவிடுகிறார். அன்று பத்திரிகை படித்தவரிடம், “அண்ணே, அந்த வரியை மறுபடி படிங்க” என்று நேரில் கேட்க முடிந்தது. இன்று அனுப்பியவரைக் கேட்டால், “எனக்கும் வந்தது” என்கிறார். தாதியே பேசவில்லையே, அப்போ சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் அடுத்த குழுவுக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.