நாற்பது நாள் கோழி

வணக்கம் நேயர்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கறி சாப்பிடுகிறவன். யாரையும் சாப்பிடாதீர்கள் என்று தடுக்க வரவில்லை. ஆனால் கறி தின்பது சரியா தவறா என்று பேச ஆரம்பித்தாலே நாம் நேராகக் கத்தியிடம் போய் நின்றுவிடுகிறோம், கொல்லலாமா கூடாதா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கத்திக்கு வரும்வரை அந்த உயிர் எப்படி இருந்தது? எனக்கு உறுத்துவது அதுதான்.

பல்லடம் பக்கத்தில் என் சித்தப்பா கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, கரண்டு, தண்ணீர், உழைப்பு நம்முடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. வந்து இறங்கும்போது குஞ்சு 40 கிராம்தான் இருக்கும், உள்ளங்கையில் வைத்தால் கதகதவென்று இருக்கும். 40 நாளில் அது 2 கிலோ. ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று ஊரில் சொல்வது உண்மையில்லை. வேகமாக வளர்கிற கோழியையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கியதால் வந்த வளர்ச்சி இது, அந்த வேகத்துக்கு அதன் காலும் இதயமும் ஈடு கொடுப்பதில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு கோழியைப் பார்த்தேன். தீவனத் தட்டு நாலடி தூரத்தில் இருக்கிறது, எழுந்து இரண்டு எட்டு வைக்கும், உட்கார்ந்துவிடும், மறுபடி எழும். நெஞ்சில் இறகு உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. தூக்கிக்கொண்டு போய்த் தட்டருகே விட்டேன், படுத்தபடியே கொத்தித் தின்றது. சித்தப்பா கெட்டவர் இல்லை. மே மாத வெயிலில் தான் சாப்பிடாமல் கொட்டகையைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்த மனுஷர். ஆனால் அந்தக் கோழியின் உடம்பே அதற்குத் துன்பமாக இருக்கும்போது அவர் என்ன செய்ய முடியும்?

எங்கள் பாட்டியும் கோழி அடித்தவள்தான். விருந்தாள் வந்தால் பஞ்சாரத்தைத் தூக்கி ஒன்றைப் பிடிப்பாள். ஆனால் அந்தக் கோழி அதுவரை குப்பைமேட்டைக் கிளறியிருக்கும், மண்ணில் புரண்டிருக்கும், அடைகாத்துக் குஞ்சு பொரித்து, பருந்து வந்தால் சிறகுக்குள் மூடியிருக்கும். சாவு இரண்டுக்கும் ஒன்றுதான். வாழ்ந்த வாழ்க்கை ஒன்றா?

இதில் முட்டையோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் தப்ப முடியாது. நாமக்கல் பக்கம் கூண்டில் முட்டைக்கோழிக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளைவிடச் சின்ன இடம், முழுதாகச் சிறகை விரிக்க முடியாது. முட்டை இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சால் லாபமில்லை என்று பொரித்த அன்றே கொன்றுவிடுவது உலகின் பெரும்பாலான நாடுகளில் நடக்கிறது. பால் கறக்கிற வீட்டில் காளைக் கன்று என்ன ஆகிறது என்பதும் நமக்குத் தெரியும். அப்புறம், ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று வாடகை வீட்டு வாசலில் தொங்குகிற பலகையை நான் ஜீவகாருண்யத்தில் சேர்க்கவே மாட்டேன். புலால் கூடாது என்பதில் வள்ளலார் துளியும் விட்டுக்கொடுக்காதவர், ஆனால் 1867இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு சாதி கேட்காமல் பசித்தவருக்கெல்லாம் சோறு போட்டது.

சரி, என்ன செய்யலாம்? கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் பிள்ளைக்குக் கிடைக்கிற மலிவான சத்து முட்டையும் பிராய்லரும்தான், அதை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வசதி உள்ளவர்கள் குறைக்கலாம், நான் மாதம் இரண்டு முறையாகக் குறைத்தேன். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. முட்டைக்கோழியை அடைக்கும் வெறும் கம்பிக் கூண்டை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடை செய்தது, சேவல் குஞ்சைக் கொல்வதை ஜெர்மனி 2022இல் நிறுத்தியது. நம் நாட்டிலேயே, விலங்கை அடைக்கும் கூண்டில் அது ஓரளவாவது அசைய இடம் இருக்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, இருக்கிற சட்டத்தை நடத்துங்கள் என்கிறேன்.

நான் வாங்குகிற கடைக்குக் கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகப் பைக்கில் தொங்கவிட்டுக் கொண்டுவருவார்கள். ஒருநாள் கடைத் தம்பியிடம், ‘கூடையில் வைத்துக் கொண்டுவரக் கூடாதாப்பா’ என்று கேட்டேன். ‘யாருமே கேட்டதில்லண்ணே’ என்றார். இப்போது பெரும்பாலும் கூடையில்தான் வருகிறது. பழையபடி தொங்கிக்கொண்டு வருகிற நாளில் நான் வாங்காமல் திரும்பிவிடுகிறேன், ஏன் என்று அவருக்குத் தெரியும்.