வைரம் பாய்ந்த கட்டையும் உதிர்ந்த சருகும்

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைத்தான் மரத்தின் சாரம் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். விலையைப் பார்த்தால் அது சரியே. ஆனால் மண்ணிலிருந்து மரம் எடுத்துக்கொண்ட தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) எங்கே சேர்ந்திருக்கின்றன என்று தேடினால், அவை வைரத்தில், அதாவது மரத்தின் நடுவே இறுகிய உள்கட்டையில்தான், மிகவும் அருகிக் காணப்படும்.

இதைக் கேட்ட தச்சாசாரி ஒருவர், "சத்தில்லாத கட்டையா இத்தனை காலம் வீட்டைத் தாங்குது?" என்று என்னைக் கேட்டார். கட்டையின் பெரும்பகுதி கரிமம் (கார்பன்), நீரியம் (ஹைட்ரஜன்), ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனது; அவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைப்பவை. உள்கட்டையில் வைரம் பாயும்போது அங்கிருந்த உயிருள்ள செல்கள் இறந்துவிடுகின்றன. அதற்கு முன்பே பல மரங்கள் மணிச்சத்தின் பெரும்பங்கை வெளிப்புறத்து வெளிறிய கட்டைக்கு மாற்றிக்கொள்கின்றன. மாவுச்சத்தும் வற்றி, பூச்சியை விரட்டும் பொருள்களும் ஊறிவிடுவதால்தான், கரையானும் வண்டும் வெளிறிய கட்டையை அரித்துவிட்டு வைரத்தை விட்டுவிடுகின்றன.

இலையின் நிலை வேறு. முதிர்ந்த மரத்தின் எடையில் அதன் பங்கு மிகச் சிறிது; எனினும் மரத்துக்கு வேண்டிய உணவு முழுவதும் அங்கேதான் தயாராகிறது, அதற்கான புரதங்களுக்குத் தழைச்சத்து வேண்டும். எனவே உலர்ந்த இலையில் தழைச்சத்து பொதுவாக 1 முதல் 3 சதவீதம் வரை இருக்க, அடிமரக் கட்டையில் அது பெரும்பாலும் அரை சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. கோடைக்கு முன் தேக்கு இலையைக் கொட்டும்போது, எல்லாவற்றையும் மண்ணுக்குத் தாரை வார்த்துவிடுவதும் இல்லை; உதிரும் இலைகளிலிருந்து தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழப் பாதியை மரங்கள் முன்கூட்டியே கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. சுண்ணாம்புச்சத்தை அப்படி மீட்க முடியாது. அது முதிர்ந்த இலையிலும் பட்டையிலும் தங்கிவிடும். வேர்களில் பருத்தவை கட்டையை ஒத்தவை. மயிரிழை போன்றவை சத்தில் இலைக்கு நெருங்கியவை.

நம் பக்கத்துத் தைலமரத் தோட்டங்களை இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளிலேயே வெட்டப்படும் அந்த மரங்களில் வைரம் குறைவு, பட்டையின் பங்கு அதிகம். ஆகவே ஒரு டன் கட்டையோடு வெளியேறும் சத்து, முதிர்ந்த மரத்தில் வெளியேறுவதைவிட மிகுதி. நமது செம்மண்ணோ மணிச்சத்தை இரும்போடு பிணைத்து வைத்துக்கொண்டு எளிதில் விடாத மண். பட்டையை வெட்டிய இடத்திலேயே உரித்து, இலையையும் சுள்ளியையும் அங்கேயே விட்டுவிட்டால் இழப்பு கணிசமாகக் குறையும். சுத்தம் செய்கிறோம் என்று அவற்றைக் கொளுத்தினால் தழைச்சத்து புகையாய்ப் போகும், மிஞ்சும் சாம்பலை முதல் மழையே கரைத்துக் கண்மாய்க்குக் கொண்டுபோகும். உரித்த பட்டையை வண்டித்தடத்தின் ஓரத்தில் ஒரே குவியலாகப் போடுவதும் தவறு, அந்த ஓரம் மட்டுமே கொழுக்கும். தோட்டம் முழுவதும் அதைப் பரப்பிவிட வேண்டும்.

நன்றி, வணக்கம்.