சூடு கண்ட பூனை ஏன் திரும்பிப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். ‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது’ என்பார்கள். பூனையைப் பற்றி எனக்குத் தெரியாது, மனிதர்கள் சேர்கிறார்கள். குடிகார அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்த ஒருவர், பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும் கை ஓங்கும் ஆளிடமே போய் மாட்டிக்கொள்கிறார். இல்லையென்றால், தங்கமான ஒருவர் வாய்த்தும் ‘இவர் எப்போது மாறுவாரோ’ என்ற பயம் தாங்காமல் தானே சண்டையை இழுத்துவிடுகிறார். ஊர் உடனே சொல்லும்: “பட்டும் புத்தி வரலையே!”

அந்தப் பேச்சோடுதான் எனக்கு நெடுநாள் சண்டை. வீட்டிலேயே கதகதப்பாக இருந்த ஒரே இடம் அந்த அடுப்பங்கரைதான் என்றால், பூனை வேறெங்கே போகும்?

ஒரு விபத்து, ஒரு வெள்ளம் தரும் அதிர்ச்சி ஒரு வகை. சின்ன வயதில், தப்பிக்க வழியில்லாமல், வருஷக்கணக்கில், நம்ப வேண்டியவர்களாலேயே வரும் காயம் வேறு வகை. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் இதைத் தனியே பிரித்துக் காட்டினார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இதற்குத் தனி இடம் உண்டு. பிறரோடு நெருங்கவும் உறவைத் தக்கவைக்கவும் முடியாமல் தவிப்பது அதன் அடையாளங்களில் ஒன்று.

இங்கே எனக்குப் பிடித்த மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபேர்பேர்ன், ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் சிறுவர்களுக்கான மனநல மையத்தில் வேலை பார்த்தவர். மிக மோசமான வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளை அவர் பார்த்தார். அம்மா அப்பா கெட்டவர்களா என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். “நீ கெட்ட பிள்ளையா?” என்றால் உடனே ஒப்புக்கொள்வார்கள்! கவனியுங்கள், அடித்தவருக்கு வர வேண்டிய வெட்கம் அடி வாங்கிய பிள்ளையிடம்தான் இருக்கிறது. 1943இல் அவர் எழுதிய விளக்கம் இது: பிசாசு ஆளும் உலகில் வாழ்வதைவிட, கடவுள் ஆளும் உலகில் பாவியாக இருப்பது மேல். அப்பா கெட்டவர் என்றால் குழந்தைக்குப் போக்கிடமே இல்லை. ‘நான்தான் கெட்டவன்’ என்றால், நாளைக்கு நான் திருந்தினால் அப்பா அன்பாகிவிடுவார் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். எத்தனை கெட்டிக்காரத்தனமான கணக்கு! ஐந்து வயதில் அது உயிரைக் காக்கிறது. முப்பத்தைந்து வயதிலும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

சரி, பழைய உறவுகள் இன்றைய மனத்தை எப்படி இயக்குகின்றன என்று பேசிப் பார்க்கும் உள இயக்கவியல் சிகிச்சையில் என்ன செய்கிறோம்? சினிமாவில் வருவது போல எல்லோரையும் சோபாவில் படுக்க வைப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். எடுத்த எடுப்பில் பழைய கதையைத் தோண்டுவதும் இல்லை. முதலில் அந்த அறை பத்திரமானது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அதற்கே மாதங்கள் ஆகலாம்.

ஒரு காட்சி சொல்கிறேன். குறிப்பிட்ட யாருடைய கதையும் அல்ல, பலருடைய சாயல்களைச் சேர்த்து நான் உருவாக்கியது. ஒருநாள் சிகிச்சையாளர் ஐந்து நிமிடம் தாமதமாக வருகிறார். “பரவாயில்லைங்க மேடம், உங்களுக்கு எவ்வளவு வேலை!” என்று அந்தப் பெண் சிரிக்கிறார். மடியில் இருக்கும் பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்குகிறார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, “உங்களுக்கு நான் தொந்தரவுதானே, நிறுத்திக்கலாம்னு பார்க்கிறேன்” என்கிறார்.

“அன்னைக்கு லேட்டா வந்தது நான். தப்பு என்னோடது. உங்களுக்குக் கோபமே வரலையா?”

நீண்ட மௌனம். பிறகு மெல்ல, “கோபப்பட்டா, இனிமே வராதேன்னு சொல்லிருவீங்க.”

பார்த்தீர்களா? கணவரிடமும் மேலதிகாரியிடமும் நடக்கிற அதே நாடகம் இப்போது அறைக்குள்ளேயே வந்துவிட்டது. பழைய உறவில் பட்ட உணர்வை எதிரில் இருக்கும் சிகிச்சையாளர் மேல் ஏற்றிப் பார்ப்பது, இதைத்தான் உணர்வு இடமாற்றம் என்கிறோம். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டே ஒருமுறை இதில் கோட்டை விட்டார். டோரா என்று அவர் பெயரிட்ட இளம்பெண் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனாள், இடமாற்றத்தை நேரத்தோடு கவனிக்கத் தவறினேன் என்று 1905இல் அவரே எழுதினார். புத்திமதி இங்கே உதவாது. கோபப்பட்ட பிறகும் எதிரில் இருப்பவர் போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அந்தப் பெண் அனுபவித்தாக வேண்டும், ஒருமுறை அல்ல, பலமுறை. சிகிச்சையாளருக்கும் எரிச்சல் வரும், வராமல் இருக்காது. அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

கடைசியாக, சிகிச்சையாளர் விடுப்பில் போகும் நாட்கள் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன்... நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்ன நாளில் திரும்ப வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே யாருக்காவது மனம் கனத்திருந்தால், அரசின் டெலி மானஸ் உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்: 14416. இன்னொரு முறை சொல்கிறேன், ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. வணக்கம்.