கடக்க ஓர் எல்லை

(புதுச்சேரியில் மாணவிகள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஊரில் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1908இல் ஆங்கிலேயப் போலீசின் கைக்கு எட்டாமல் இந்தப் பிரெஞ்சு மண்ணுக்கு வந்தார். பத்து வருஷம் இங்கே இருந்து எழுதினார். 1918இல் எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் பேனா, அந்தப் பக்கம் சிறை.

ஒரு பெண் கலைஞருக்கு அப்படிக் கடந்துபோக எல்லை எங்கே இருந்தது?

ஈரான் கொண்டாடிய பாடகி கூகூஷ். 1979 புரட்சிக்குப் பின் ஆண்கள் இருக்கும் சபையில் பெண் தனித்துப் பாடக்கூடாது என்றாகிவிட்டது. அவர் ஓடவில்லை. சொந்த ஊரிலேயே, ஏறத்தாழ 21 வருஷம் மேடையேறாமல் இருந்தார். 2000இல் வெளியேறி டொராண்டோவில் பாடினார். அந்த 21 வருஷத்தைத்தான் நான் நாடுகடத்தல் என்பேன்.

சரி, நம் பக்கம் வருவோம். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த பெண் கவிஞர் முத்துப்பழனி, ராதையின் காதலைத் தெலுங்கில் காவியமாக எழுதினார். ‘ராதிகா சாந்த்வனம்’. 1910இல் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைத் தேடிப் பிடித்து முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு தடை போட்டது. சாடியவர்களில் நம் சீர்திருத்தவாதிகளும் உண்டு, அதுதான் எனக்கு வலிக்கிறது. ஆண் புலவர்கள் இதைவிடப் பச்சையாக எழுதியிருக்கிறார்களே, வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று அந்த அம்மாள் கேட்டார். தடை நீங்க 1947 ஆயிற்று. அதே அம்மாள்தான் தன் காசைப் போட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார். அங்கே ஆராதனையில் பெண்களைப் பாட விடவில்லை. அப்புறம் என்ன செய்தார்? பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்திப் பாடினார்.

கடலூர்ப் பக்கத் தெருக்கூத்தில் திரௌபதி வேடத்தையும் காலங்காலமாக ஆண்கள்தான் கட்டினார்கள். அதற்கு அரசாணை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் நாடகம் எழுதினாள். ஒத்திகை நடந்த வாரம் வீட்டிலிருந்து போன் வந்தது, ‘போதும்மா, நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்று. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். போன மாதம் அவளைத் தேடிப்போய், வாசிக்கலாமா என்று கேட்டேன். வாசிங்க மிஸ், என் பேர் மட்டும் வேண்டாம் என்றாள்.

இதோ அந்த நோட்டு. முதல் காட்சியை வாசிக்கிறேன்.