ஆற்று வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கோல்: கனமான ஃபீடர் கோல் வாங்கும் முன்

[காட்சி: மழைக்குப் பிந்தைய செவர்ன் ஆறு. பால் குறைந்த தேநீர் நிறத்தில் நீர். கரையில் வானத்தைப் பார்த்து நிறுத்திய ஒரு தூண்டில் கோல்.]

வணக்கம். இங்கிலாந்து ஆறுகளில் மீன் பிடிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ‘ஹெவி ஃபீடர்’ என்று தங்க எழுத்தில் அச்சிட்ட கோல் ஒன்றை வாங்கினேன். டிரென்ட் ஆற்றங்கரைக்குப் போய், இரைக்கூட்டை நிரம்பத் திணித்து, தோள்பலம் முழுவதையும் காட்டி வீசினேன். சடக்கென்று ஒரு சத்தம். கூடு நடு ஆற்றில் விழுந்தது; கோலின் மேல்துண்டு நரம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் ‘அதிகபட்சம் 80 கிராம்’ என்று இருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

தங்க எழுத்தை விடுங்கள். பொடி எழுத்திலிருந்து தொடங்குவோம்.

[காட்சி: மேசைமேல் நான்கைந்து இரைக்கூடுகள், பக்கத்தில் சமையலறைத் தராசு.]

இதுதான் ஃபீடர். நான் இரைக்கூடு என்றே சொல்கிறேன். கம்பி வலையாலோ பிளாஸ்டிக்காலோ செய்த சிறு கூடு. ஒரு பக்கத்தில் கனமான உலோகப் பட்டை. உள்ளே ஈரமாகப் பிசைந்த இரைமாவையோ புழுக்களையோ அடைத்து வீசினால், கூடு ஆற்றின் அடியில் போய் அமரும். ஓடும் நீர் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கீழ்நோக்கி அனுப்பும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மீன் எதிரேறி வரும். வருகிற வழியில் நம் தூண்டில் முள் காத்திருக்கும். இதில் தக்கை கிடையாது. கோலின் மெல்லிய நுனி அசைவதைப் பார்த்துத்தான் மீன் கடித்ததை அறிகிறோம்.

சால்மன், டிரவுட் தவிர்த்த நன்னீர் மீன்களைப் பிடிப்பதைப் பிரிட்டனில் ‘கோர்ஸ் ஃபிஷிங்’ என்பார்கள். ஆற்றில் கனமான கோலைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மீனை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள்: பார்பல்.

[காட்சி: நீருக்கடியில் ஒரு பார்பல், சரளைக் கற்களை முகர்ந்தபடி.]

நம் கெண்டையின் குடும்பம்தான். வாயைச் சுற்றி நான்கு மீசைகள், தட்டையான வயிறு, அகன்ற மார்புத் துடுப்புகள். வேகமான நீரில் அந்தத் துடுப்புகளைச் சாய்த்துத் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். செவர்ன் ஆறு இன்று பார்பலுக்குப் பெயர்பெற்றது. ஆனால் இந்த மீன் அங்கே இயற்கையாக இருந்ததில்லை. 1956-இல் கென்னெட் ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நீரின் வேகமும் கல் நிறைந்த ஆற்றடியும் பிடித்துப்போய்ப் பல்கிப் பெருகிவிட்டது.

இனி எடைக்கு வருவோம். எத்தனை கிராம் கூடு வேண்டும் என்பதை மீன் தீர்மானிப்பதில்லை, ஆறு தீர்மானிக்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், கூட்டின்மீதும் நரம்பின்மீதும் அது தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். கோடையில் 40 கிராம் கூடு அசையாமல் கிடந்த அதே இடத்தில், ஒரு வார மழைக்குப் பிறகு 120 கிராம் கூடும் உருண்டு போவது இதனால்தான்.

[காட்சி: தராசில் காலிக் கூடு: 90 கிராம். மாவு அடைத்த பின் முள் மேலேறுகிறது.]

கூட்டின்மேல் பொறித்திருப்பது காலிக் கூட்டின் எடை. பெரிய கூடாக இருந்தால், அடைத்த ஈர மாவு மேலும் 40, 50 கிராம் சேர்த்துவிடும். ஆகவே 90 கிராம் கூட்டை வீசும் கோல், உண்மையில் 140 கிராமை வீசுகிறது. என் 80 கிராம் கோல் ஏன் முறிந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நீங்கள் போகும் ஆற்றில் வழக்கமாகத் தேவைப்படும் கூட்டை நிரப்பி, வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். அந்த எண்ணைவிடக் கோலின் வீச்சு எடை கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். டிரென்டுக்கும் வெள்ளக்காலச் செவர்னுக்கும் 150 கிராம் தாங்கும் கோலை நான் அதிகம் என்று சொல்லமாட்டேன். வை ஆற்றின் கோடைக்கால ஆழமற்ற பகுதிகளுக்கு அதே கோல் உலக்கை.

கனத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு சங்கதி. பறவைகள் விழுங்கி இறந்ததால், 28.35 கிராம் வரையிலான ஈயக் குண்டுகளை, மிகப் பொடியானவை நீங்கலாக, பிரிட்டன் 1987-இல் தடை செய்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறீர்களா? சரியாக ஓர் அவுன்ஸ்.

[காட்சி: பக்கவாட்டுப் படம். கோல் செங்குத்தாக, நுனியிலிருந்து நீருக்கு நரம்பு சாய்வாக இறங்குகிறது.]

நீளம். 12 அடியா, 13 அடியா, 14 அடியா? நரம்பு எவ்வளவு தூரம் நீருக்குள் கிடக்கிறதோ அவ்வளவுக்கு ஆறு அதைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் ஆற்றில் கோலைக் கிடையாக வைப்பதில்லை. வானத்தைக் குத்துவதுபோல் நிறுத்துகிறோம். கோல் நீளமானால் நரம்பு நீரைத் தொடும் இடம் தள்ளிப்போகும், கூடு அசையாமல் இருக்கும். ஆறு அகலமாக இருந்தால் 13 அடி. 14 அடி இன்னும் நல்லதுதான். ஆனால் மரக்கிளை கவிந்த கரையில் அதைத் தூக்க முடியாமல் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள். ஒடுங்கிய ஆற்றுக்கு 12 போதும்.

நுனியைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

[காட்சி: மாற்றி மாற்றிச் செருகும் மூன்று நுனிகள், ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை நிறங்களில்.]

ஃபீடர் கோலோடு இரண்டு, மூன்று நுனிகள் வரும். 2 அவுன்ஸ், 3 அவுன்ஸ், 5 அவுன்ஸ் என்று அவற்றின் விறைப்பைக் குறித்திருப்பார்கள். எல்லா நிறுவனமும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை; ஒருவரின் 3 இன்னொருவரின் 4 ஆக இருக்கலாம். எண்ணைவிட உங்கள் கண்ணை நம்புங்கள். வீசி, நரம்பை இறுக்கியதும் நுனி மெல்லிய வளைவில் நிற்க வேண்டும். ஓட்டத்தின் இழுப்பிலேயே முழுக்க மடங்கிவிட்டால், மீன் இழுப்பதைக் காட்ட அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. கொஞ்சமும் வளையாமல் விறைத்து நின்றால், பாதிக் கடிகள் தெரியாமலே போய்விடும்.

வளைவு ஏன் முக்கியம்? கூடு தரையில் மயிரிழையில் பிடித்து நிற்கும்படி எடையைத் தேர்ந்து, வீசியபின் கொஞ்சம் நரம்பை விட்டுக்கொடுத்தால், நீருக்குள் நரம்பு வில்லாக வளையும். மீன் இரையை எடுத்ததும் கூடு பெயரும். உடனே வளைந்திருந்த நுனி பின்னால் துள்ளி நிமிரும். புதியவர்கள் நுனி முன்னால் வளைவதற்காகவே காத்திருந்து இந்தக் கடியைக் கோட்டை விடுகிறார்கள். அதற்காகப் பார்பல் எப்போதும் இவ்வளவு நாசூக்காகக் கடிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கோலையே தாங்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற கடியும் உண்டு. தேநீர் ஊற்றும்போதும் ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும்.

[காட்சி: கடையில் ஒருவர் கோலைப் பிடித்திருக்க, இன்னொருவர் நரம்பை மெதுவாக இழுக்கிறார்.]

நுனி பார்ப்பதற்கு; நடுப்பகுதியும் அடியும் போராடுவதற்கு. கடையில் கோலை வெறுங்கையால் ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. நரம்பை வளையங்களில் கோத்து, நண்பரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். இழுக்க இழுக்க வளைவு மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கி வர வேண்டும். மேலே மட்டும் மடங்கி, கீழே இரும்புக் கம்பியாக நிற்கும் கோல் தொலைவாக வீசும். ஆனால் கரையருகே மீன் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும்போது முள்ளைப் பிடுங்கிவிடும். எனக்கு அப்படிப் போன மீன்களின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம்.

வளையங்கள் கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லது. தடித்த நரம்பை முடிச்சிட்டு இணைத்தால் சிக்காது. கைப்பிடி தக்கை மரமா நுரையா என்பது உங்கள் ரசனை.

கெண்டைக் கோல், அதாவது கார்ப் கோல், வீட்டில் இருக்கிறது, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: பார்பல் மட்டும்தான் குறி என்றால், தாராளமாகப் போதும். பிரீம், ரோச் போன்ற மெல்லக் கடிக்கும் மீன்களும் வேண்டுமென்றால் அதன் முரட்டு நுனி எதையும் காட்டாது. அங்கேதான் மாற்று நுனி உள்ள ஃபீடர் கோல் தன் விலையை நியாயப்படுத்துகிறது. ஒரே ஒரு கோல்தான் வாங்குவேன் என்றால், 13 அடி, 120 முதல் 150 கிராம், 3 முதல் 5 அவுன்ஸ் நுனிகள். நரம்பு 10 அல்லது 12 ராத்தல் தாங்குவது, 4000 முதல் 5000 எண் அளவுள்ள ரீல், அதாவது நரம்பு சுற்றும் உருளை.

இங்கிலாந்தில் 13 வயது முதல் உரிமம் வேண்டும். கரைக்குத் தனி அனுமதியும் வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அந்நாட்டு ஆறுகளில் கோர்ஸ் மீன்பிடிப்புக்கு அனுமதி இல்லை. எனவே ஏப்ரலில் வாங்கிய கோலைத் துடைத்து வையுங்கள்.

[காட்சி: இடுப்பளவு நீர்புகாக் காலுறையோடு ஆற்றோரம் நிற்பவர், இரு கைகளாலும் மீனை நீருக்குள் பிடித்திருக்கிறார்.]

பலமான கோல் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பார்பல் தன் கடைசித் துளி பலம் தீரும்வரை போராடும் மீன். மெலிந்த கோலால் இழுத்தடித்தால், கோடையின் ஆக்சிஜன் குறைந்த நீரில், விட்ட பிறகும் அது கவிழ்ந்து மிதக்கலாம். போராட்டத்தைச் சீக்கிரம் முடியுங்கள். பிறகு தலை நீரோட்டத்தை எதிர்கொள்ளும்படி மீனை நீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடியுங்கள். சில நிமிடங்கள் ஆகலாம். வாலை உதறி அதுவாகவே உங்கள் கையை விட்டுப் போகும்.