‘எனக்கு எதுக்குடி’ என்பது பதில் அல்ல

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், தீபாவளிக் கடை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பெரியவர்களுக்குத் தீபாவளிப் பரிசு தரும்போது, அவர்களைக் கேட்டுக் கொடுப்பதா, நாமே கவனித்துக் கொடுப்பதா என்பது தலைப்பு. கவனித்துக் கொடுப்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். “என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுவிட்டால் காசும் வீணாகாது, மனத்தாங்கலும் வராது. கேட்பதுதான் மரியாதை” என்றார். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே. சிவகங்கைப் பக்கம் என் பெரியம்மா இருக்கிறார். வயது 78. வருடா வருடம் போன் போட்டுக் கேட்பேன். “எனக்கு எதுக்குடி இதெல்லாம்? பிள்ளைகளுக்கு எடு.” பதில் ஒரு தடவைகூட மாறியதில்லை. அதற்கு வேண்டாம் என்று அர்த்தமா? தன் தேவையைக் கடைசியில் வைத்தே பழகிப்போன தலைமுறை அது. வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று சொல்வது அவர்களுக்குக் கடன் கேட்பது மாதிரி.

அதனால் நானும் எல்லோரையும் போலச் சேலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நான்கு நாள் சேர்ந்தாற்போல அங்கே தங்கினேன். ஏதோ எடுக்க பீரோவைத் திறந்தால், நான் கொடுத்த சேலைகள் ஏழு, கடைப் பையோடு அப்படியே இருக்கின்றன. பெரியம்மா உடம்பில் அதே நைந்த வாயில் சேலை. பிடிக்கவில்லையா என்று கேட்டிருந்தால், “நல்லாத்தான் இருக்கு, விசேஷத்துக்குக் கட்டிக்கிறேன்” என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஏழிலும் ரவிக்கைத் துணி வெட்டப்படாமல் சேலையோடு சேர்ந்தே இருந்தது. தையல்காரர் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில். பெரியம்மாவுக்கு மூட்டுவலி. அந்தப் படியை அவர் எப்படி ஏறுவார்? தைக்காத ரவிக்கையோடு சேலை கொடுத்தால் அது பாதிப் பரிசுதான். மீதிப் பாதியை நாம் அந்த 78 வயது முழங்காலின் மேல் ஏற்றிவிடுகிறோம்.

மறுநாள் காலையில் இன்னொன்று கண்ணில் பட்டது. குளித்துவிட்டு வந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ரவிக்கை மாட்டிக்கொண்டிருந்தார். மேல் ஹூக் மாட்டிவிட்டது. இரண்டாவது மாட்டவில்லை. விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. மூன்று தடவை முயன்றார். அப்புறம் ஒரு ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டார்.

நடுவர் அவர்களே, இதை எந்தக் கேள்வி கேட்டு நான் தெரிந்துகொண்டிருக்க முடியும்?

ஊருக்குத் திரும்பும்போது அவருடைய பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு எடுத்து வந்தேன். அந்தத் தீபாவளிக்கு எடுத்தது மதுரைச் சுங்குடி. நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் ஏற்றுவார்களே, 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தச் சேலை. பருத்தி, இலேசானது, வயதான உடம்புக்கு இதம். புதிதில் சாயம் கொஞ்சம் விடும் என்பதால் உப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். கஞ்சி விறைப்பும் போனது. ஃபால்ஸ் தைத்து, ரவிக்கையும் தைத்து, ஹூக் இருந்த இடத்தில் பெரிய பிரஸ் பட்டன் வைக்கச் சொன்னேன். தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அந்தச் சேலையோடு வெளியே வந்தார். அன்று சாயங்காலம்வரை மாற்றவில்லை. பட்டனை மட்டும் அவ்வப்போது விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உறவுக்காரர்களுக்கு மட்டுமல்ல, நண்பர்களுக்கும் இதுதான். எங்கள் எதிர்வீட்டு ஐயா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் புது போன் அனுப்பியிருந்தார். ஆனால் ஐயா முகத்தில் ஒரு வாட்டம். “ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான், இப்பல்லாம் மறந்துடுறான்” என்றார். ஒரு ஞாயிறு நான் அங்கே இருந்தபோது போன் அடித்தது. ‘கீ’ என்று மெல்லிய மணி. ஐயா பேப்பரிலிருந்து தலையையே தூக்கவில்லை. வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான். கனமான ஒலி அதற்கப்புறமும் கேட்கும். மணியை மாற்றி, தவில் சத்தம் ஒன்றை வைத்துக் கொடுத்தேன். அதற்கு ஒரு பைசா செலவில்லை. மகன் மறக்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அவருக்கு நான் கொடுத்த தீபாவளிப் பரிசு அதுதான். இதைவிடப் பெரிதாக ஒன்றை நான் யாருக்கும் கொடுத்ததாக நினைவில்லை.

எதிரணியில் ஒரு தம்பி, “நூறு ரூபாய் பல்பை எல்லாம் பரிசென்று கொடுக்க முடியுமா?” என்று கேட்டார். தாராளமாகக் கொடுக்கலாம் தம்பி. 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணுக்குப் போகிறது. நமக்குப் பளிச்சென்று தெரியும் கூடம் அவர்களுக்கு அந்தி நேரம். கீழே விழுந்து உயிரை விடுபவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கட்டிலிலிருந்து பாத்ரூம் போகிற வழியில் ராத்திரி எரிய ஒரு விளக்கு, வழுக்காத செருப்பு ஒரு ஜோடி. இந்த இரண்டையும் வெள்ளிக் குத்துவிளக்குக்கு மேலே வைப்பேன்.

பலகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல்செட் வைத்தவருக்குத் தட்டையும், சர்க்கரை உள்ளவருக்கு இரண்டு கிலோ மைசூர்பாகும் வாங்கிப் போகிறோமே, அவர் சாப்பிடுவதை ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா?

எதிரணி சொன்னதில் ஒன்றை மனதார ஒப்புக்கொள்கிறேன். சிலவற்றைக் கேட்காமல் செய்யவே கூடாது. காது கேட்கும் கருவி என்றால் காதைச் சோதித்துத்தான் பொருத்த வேண்டும். பாத்ரூம் சுவரில் பிடிமானக் கம்பி அடிப்பதென்றால் அது அவர்கள் வீடு, அவர்கள் சுவர். ஆனால் அந்தக் கேள்விகூடக் கவனித்தவருக்குத்தான் வரும். “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டால் “ஒண்ணும் வேண்டாம்” என்று வரும். “எழுந்திருக்கும்போது குழாயைப் பிடிக்கிறியே பெரியம்மா, அங்கே ஒரு கம்பி போடட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

விலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையில் எனக்குப் பிடித்த இடம், அந்தக் கனியின் அருமையை அவன் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டார். விலை தெரிந்தால் பெரியம்மாவும் சேலையை மடித்துப் பீரோவில் வைத்துவிடுவார்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். தீபாவளிக்குப் பத்து, பதினைந்து நாளைக்கு முன்பே தையல்காரர்கள் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அளவு ரவிக்கையை இந்த வாரமே எடுத்து வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.